சந்தனம் வைத்த பூட்ஸ்

என் அறையில் இரும்பு பீரோவின் மேல் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. எங்கள் தொழிற்சாலையில் உதிரிபாகம் அடுக்கி அனுப்பும் சாதாரணப் பெட்டிதான். அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி கால்பந்து பூட்ஸ். அந்த அளவுக்குப் பாதம் உள்ள இன்னொருவரை ஓசூரில் நான் பார்த்ததில்லை. இரண்டு பூட்ஸின் முனையிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். சந்தனம் காய்ந்து, கோடையில் ஏரி மண் வெடிப்பதுபோல் பிளந்திருக்கிறது. குங்குமம் தையல் நூலுக்குள் இறங்கிவிட்டது. இடது பொட்டு கொஞ்சம் கோணல். அதை வைக்கும்போது யாரோ என்னைக் கூப்பிட்டார்கள், திரும்பிவிட்டேன். அந்தக் கோணல் என் கட்டைவிரலுடையது.

நான் பர்கூர்ப் பக்கம். அப்பா கிரானைட் பட்டறையில் கல் மெருகேற்றுகிறவர். இன்ஜினியரிங் முடித்து ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தேன். ஒரு பாகம் ஏன் தவறிப்போனது என்று கண்டுபிடித்து எழுதுவது என் வேலை. கல்லூரியில் கால்பந்து ஆடியவள் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் கிளப்போடு ஒட்டிக்கொண்டேன். சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர்தான் அந்த கிளப்பின் செக்ரட்டரி. ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஏதாவதொரு கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவர்கள். அத்திப்பள்ளி தாண்டி, கர்நாடகப் பக்கத்து லீக்கில் ஆடுவோம். நான் ஆட்டத்தை வீடியோ எடுத்து, யார் எத்தனை முறை பந்தைத் தவறவிட்டார்கள், யார் எங்கே நின்றார்கள் என்று அட்டவணை போட்டுக் கொடுப்பேன். அங்கே எனக்குப் பெயர் 'குவாலிட்டி மேடம்'.

அந்த ஆண்டு செக்ரட்டரி கானா நாட்டிலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கரை வரவழைத்தார். லீக் விதிப்படி ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரை வைத்துக்கொள்ளலாம். ஆடி மாதத்துச் சாரலில், இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு அவர் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினார். இந்தியா என்றால் வெயில் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அந்த ஸ்வெட்டர்கள் வழியில் வாங்கியவை. எங்கள் கோல்கீப்பர் அறையில் அவருக்கு இடம் கொடுத்தோம். கோல்கீப்பர்தான் அணித்தலைவர். பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை. வாயைத் திறந்தால் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் கலந்து வரும்.

முதல் வாரமே மெஸ்ஸில் கேழ்வரகுக் களியைப் பார்த்ததும் ஸ்ட்ரைக்கரின் முகம் மாறியது. தங்கள் ஊரில் சோள மாவில் இதே மாதிரி செய்வார்கள் என்றார். கையால் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கிக் காட்டினார். மெஸ்காரம்மா அசந்துபோய், "இந்தப் பசங்களுக்கே முழுங்கத் தெரியல, இவரப் பாருங்க, நம்ம ஊர்க்காரர் மாதிரி" என்று இன்னோர் உருண்டை வைத்தார். ஸ்ட்ரைக்கர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என்னை 'மேடம்' என்று கூப்பிட வேண்டும் என்று செக்ரட்டரி சொல்லிக் கொடுத்தார், 'தங்கச்சி' என்று கோல்கீப்பர் சொல்லிக் கொடுத்தார். யார் மனமும் நோகக் கூடாது என்று இரண்டையும் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் 'தங்கச்சி மேடம்'. யார் மனமும் நோகக் கூடாது என்பது அவருடைய சுபாவம். அதை நான் அன்றைக்கே குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒருமுறை ராயக்கோட்டைப் பக்கம் பயிற்சி ஆட்டத்துக்குப் போகும்போது, சானமாவு காட்டருகே யானைகள் சாலையைக் கடக்கின்றன என்று வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். கோல்கீப்பர் பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தார். "என்ன குரு, ஆப்பிரிக்கா ஆளு உள்ள குந்திக்கினு இருந்தா எப்படி? எறங்கிப் போயி ரெண்டு வார்த்தை பேசி அனுப்பி வை." நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஸ்ட்ரைக்கர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொன்னார்: "நான் மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தவன். யானையைப் பார்த்ததெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில்தான். இது உங்கள் யானை, நீங்களே பேசுங்கள்." வண்டி குலுங்கச் சிரித்தோம். இப்போதும் அந்தச் சாலையில் போகும்போது சிரிப்பு வருகிறது. பாதியில் நின்றுவிடுகிறது.

அவர் ஆடிய விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பையன்கள் பந்தைத் துரத்துவார்கள். அவர் துரத்தமாட்டார். உயரத்திலிருந்து வரும் பந்து அவர் பூட்ஸின் உட்பக்கத்தில் விழுந்து, எண்ணெயில் விழுந்ததுபோல் சத்தமில்லாமல் அடங்கும். அடுத்த நொடி அவர் திரும்பியிருப்பார், பந்து வலைக்குள் இருக்கும். மழைக்கால ஆட்டங்களில் அவர் கோல் போடாத ஞாயிறே அபூர்வம். அத்திப்பள்ளி மைதானத்தில் எதிரணி ஆட்களே கன்னடத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பெங்களூரில் ஒரு பெரிய கிளப்பிலிருந்து ஓர் ஆள் வந்து, ஓரமாக நின்று பார்த்துவிட்டு, சீசன் முடியட்டும் என்று சொல்லிப் போனார். ஸ்ட்ரைக்கருக்கு எல்லாமே அந்தச் சீசனில்தான் இருந்தது. நன்றாக முடித்தால் பெரிய கிளப். குறைந்தபட்சம் எங்கள் கிளப் இன்னோர் ஆண்டுக்கு வைத்துக்கொண்டாலும் விசா நீளும். இரண்டும் இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டியதுதான். அவர் வயதில் திரும்பிப் போன ஸ்ட்ரைக்கரை மறுபடி யாரும் கூப்பிடுவதில்லை என்று அவரே ஒருநாள் சொன்னார், ஏதோ தட்பவெப்பத்தைப் பற்றிச் சொல்வதுபோல.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

ஓசூரில் ஆயுத பூஜையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பெனி வாசல்களில் வாழைக்கன்று, பேருந்துகளுக்குச் சாமந்தி மாலை, பல கோடி ரூபாய் இயந்திரத்துக்கும் பத்து ரூபாய் ஸ்பேனருக்கும் ஒரே சந்தனம். எங்கள் கிளப்பின் பூஜை செக்ரட்டரியின் பட்டறையில் நடக்கும். லேத்தின் முன்னால் பந்துகள், காற்றடிக்கும் பம்பு, விசில், கோல் வலை, எல்லாருடைய பூட்ஸ் என்று வரிசையாக வைப்போம். எதெது எங்கே என்று அடுக்குவது என் பொறுப்பு. முந்தின நாளே ஆட்களிடம் சொல்லி வாங்கி வைத்துவிட்டேன், ஒருவருடையதைத் தவிர. பூஜை நாள் ஞாயிறு. ஸ்ட்ரைக்கர் பெங்களூரில் தன் கிறிஸ்தவ சபைக்குப் போயிருந்தார். அவருடைய பூட்ஸ் இல்லாமல் என்ன பூஜை என்று எனக்குத் தோன்றியது. விட்டுவிட்டால் அவரை வெளியாள் என்று ஒதுக்கியதாகிவிடும் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். கோல்கீப்பரிடம் சாவி வாங்கிக்கொண்டு போய் அதை எடுத்துவந்தேன். துடைத்து, நட்ட நடுவில் வைத்தேன். மற்றவர்களுடையதற்கு ஒரு விரல் தீற்றல். அவருடையதற்கு மட்டும் முழுப் பொட்டு, குங்குமம், மேலே ஒரு சாமந்திச் சரம்.

சாயங்காலம் நேராகப் பட்டறைக்கு வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தவர், வரிசையைப் பார்த்ததும் நின்றார். எல்லாரும் கைதட்டினோம். செக்ரட்டரி அவர் கையில் பொரியும் கடலையும் அள்ளிக் கொடுத்தார். அவர் தலையைக் குனிந்தார், சிரித்தார், பொரியைத் தின்றார். நான் புகைப்படம் எடுத்தேன். அந்தப் படத்தை எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். சிரிப்பில் குறையே இல்லை. மறுநாள் மறுபூஜை முடிந்ததும் பூட்ஸை நானே கொண்டுபோய் இரண்டு கையாலும் நீட்டினேன். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மரியாதை கற்றுக்கொண்டார் என்று மகிழ்ந்தேன்.

அதன்பிறகு அவர் ஆட்டம் இறங்கியது. பந்து காலில் அடங்காமல் தெறித்தது. திரும்பும்போது அரை நொடி தாமதம். குளிர் ஏற ஏற இன்னும் மோசமானது. மைதானத்தில் எங்கள் ஆட்களே கிண்டல் செய்தார்கள். "களி ஜாஸ்தியாப் போச்சு" என்றான் ஒருவன். "பேப்பர்ல போட்டோ வந்ததும் தலைக்கனம் ஏறிடுச்சு" என்றான் இன்னொருவன். கோல் ஒன்றும் வராத ஓர் ஆட்டத்துக்குப் பிறகு அவர் ஓரமாக உட்கார்ந்து வாளித் தண்ணீரில் கால்களை விட்டிருந்தார். தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. மைதானத்துச் செம்மண் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டே கடந்து போனேன்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பாகம் திடீரென்று தவற ஆரம்பித்தால் முதலில் கேட்கும் கேள்வி, என்ன மாறியது என்பதுதான். ஆள் மாறினாரா, இயந்திரம் மாறியதா, பொருள் மாறியதா, செய்யும் முறை மாறியதா. நாலையும் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்க வேண்டும். ஸ்ட்ரைக்கருக்கும் அதையே செய்தேன். வீடியோவில் அவர் பூட்ஸ் ஆரஞ்சிலிருந்து கறுப்பாக மாறியிருந்தது தெரிந்தது. தெரியவில்லை என்று சொன்னால் பொய். புதியது வாங்கியிருக்கிறார், நல்லதுதானே என்று அந்த வரியைத் தாண்டிவிட்டேன். பழையது தேய்ந்தால் புதியது மாற்றுவது எங்களிடம் குறையல்ல, திருத்தம். குளிர், சாப்பாடு, தூக்கம், வீட்டு நினைவு, அதீத நம்பிக்கை என்று காரணங்களை எழுதினேன். எல்லாமே 'ஆள்' என்ற தலைப்பின் கீழ் போய் விழுந்தன. அந்த அத்தனை 'ஏன்'களையும் நான் வீடியோவிடம் கேட்டேன், கோல்கீப்பரிடம் கேட்டேன், என்னிடமே கேட்டுக்கொண்டேன். அவரிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. இரும்பிடம் யாரும் கேட்பதில்லை, அந்தப் பழக்கம்.

தை பிறந்ததும் செக்ரட்டரி பட்டறையில் கூட்டம் போட்டார். "மேடம், உணர்ச்சிவசப்படாம நீங்களே சொல்லுங்க. இவர வச்சுக்கலாமா, அனுப்பிடலாமா?" கோல்கீப்பர், "இன்னோரு வருசம் பாக்கலாம் சார், பாவம்" என்றார். நான் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினேன். பூஜைக்கு முன் ஏறும் கோடு, அதன்பின் இறங்கும் கோடு. ஒரே ஆளின் இரண்டு பாதி என்று நம்ப முடியாத படம். "இது தற்காலிகமாத் தெரியல சார்" என்றேன். நல்ல அறிக்கை என்று செக்ரட்டரி பாராட்டினார். பெங்களூர் கிளப்பின் ஆள் அதற்கு முன்பே வருவதை நிறுத்திவிட்டிருந்தார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், கிளப் கொடுத்த ஜெர்சி, படுக்கை, ஹீட்டர் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ள நான்தான் போனேன். அவர் ஏற்கெனவே மடித்து அடுக்கி வைத்திருந்தார். வாசலில் கறுப்பு பூட்ஸ் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கால் அட்டையில் விரல் பக்கம் கறுப்பாகக் கறை. அளவைப் பார்த்தேன். பிறகு அவர் கால்களைப் பார்த்தேன், செருப்பில் இருந்தன. கட்டைவிரல்களில் நகம் இல்லை.

"இது உங்க அளவே இல்லையே?" என்றேன்.

பெங்களூரில் இருந்ததிலேயே பெரியது அதுதான் என்றார்.

"அப்ப அந்த ஆரஞ்சு?"

அவர் மேலே காட்டினார். சுவரில் இருந்த ஒரே அலமாரியின் மேல்தட்டில், வேதப் புத்தகத்துக்குப் பக்கத்தில், புதுத் துண்டு விரித்து, அதன்மேல் வைத்திருந்தார். பொட்டு கலையவில்லை. சாமந்திச் சரம்கூடக் காய்ந்து அப்படியே இருந்தது. பூட்ஸைத் தரையில் வைத்துத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

கட்டிலில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா அந்தப் பூட்ஸைச் சபைக்குக் கொண்டுபோய், எண்ணெய் தடவி, ஜெபம் செய்து கொடுத்தாராம். "அம்மா எண்ணெய் வைத்தார். நீ சந்தனம் வைத்தாய். இரண்டு பேரும் என்னை நேசித்துத்தான் வைத்தீர்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என் காலை விடப் பயமாக இருந்தது." கடைசி வாக்கியத்தில் சிரித்தார். அவர்கள் என்று அவர் சொன்னது அம்மாவையும் என்னையுமா, எங்கள் இருவரின் சாமிகளையுமா என்று நான் கேட்கவில்லை.

"தொடச்சிட்டுப் போட்டிருக்கலாமே."

"துடைத்தால் உன் மனம் நோகும். துடைத்தால் அம்மாவின் எண்ணெயும் போய்விடும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

எல்லாரும் கைதட்டினார்களே, அந்த நேரத்தில் என்ன சொல்வது என்பதுபோல் கைகளை விரித்தார். ஜெர்சி அடுக்கின் மேல் ஆரஞ்சு பூட்ஸைத் துண்டோடு வைத்து என்னிடம் நீட்டினார். வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மா பொட்டைப் பற்றிக் கேட்பார், சொல்லிப் புரியவைக்கத் தெரியாது என்றார். கீழே வைக்காதே என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். செக்ரட்டரி லேத்தின் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். பின்னால் சாமி படம். "சார், ஸ்ட்ரைக்கர் சீசன் பாதியிலேர்ந்து அளவு பத்தாத பூட்ஸ் போட்டு ஆடியிருக்கார். கால் புண்ணு. அதான் ஆட்டம் போச்சு. இன்னொரு வருசம் வச்சுக்கலாம் சார்" என்றேன். அவர் டம்ளரை வைத்தார். "அடப்பாவி. வாயைத் தொறந்து கேட்டிருந்தா ஒரு பூட்ஸ் வரவழைச்சுத் தந்திருக்க மாட்டமா? என்ன மனுசன் மேடம் அவரு? இப்ப வந்து சொல்றீங்க, நான் புது ஆளுக்குப் பேசி முடிச்சிட்டனே." அந்த இடத்தில் பூஜையைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சாவி வாங்கியதை, கேட்காமல் எடுத்ததை, நடுவில் வைத்ததை. சொல்லியிருந்தால் அந்த மனிதர் ஒருவேளை புது ஆளுக்கு இன்னொரு போன் போட்டிருப்பார். நல்ல மனசுக்காரர், சாமி விஷயத்தில் பயமும் உண்டு. ஆனால் சந்தனம் என்ற சொல் வாயில் வரவில்லை. பூஜையில் தப்பு என்று ஆகிவிடுமோ, யாராவது ஸ்ட்ரைக்கரை மதத்தை வைத்துப் பேசிவிடுவார்களோ என்று அவருக்காக யோசித்ததாகப் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பாராட்டு வாங்கிய அந்தக் கோட்டுப்படத்தில், கோடு திரும்பும் இடத்தில் என் கட்டைவிரல் இருந்தது. அதை யாரும் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். "ஆமா சார், அவரு கேட்டிருக்கலாம்" என்றேன்.

மறுநாள் பேருந்து நிலையத்துக்கு எல்லாரும் போனோம். மெஸ்காரம்மா களிக்கு மாவு கட்டிக் கொடுத்தார். கோல்கீப்பர் அழுதார். ஸ்ட்ரைக்கர் இரண்டு ஸ்வெட்டரையும் அவரிடம் கொடுத்துவிட்டு ஏறினார். என்னைப் பார்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தி, எதையோ மேல்தட்டில் வைப்பதுபோல் சைகை செய்தார். நானும் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அவரை எந்தக் கிளப்பும் எடுக்கவில்லை. துறைமுகத்துப் பக்கம் சிறுவர்களுக்கு ஆட்டம் சொல்லித் தருவதாகவும், பகலில் மீன் ஏற்றும் கிடங்கில் வேலை என்றும் கோல்கீப்பர் சொல்லித் தெரியும். பொங்கலுக்கு அவர் எனக்கு வாழ்த்து அனுப்புவார், கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்புவேன். இந்த வாழ்த்துகளில் நான் எதையும் கேட்டதில்லை.

இந்த வருடமும் ஆயுத பூஜைக்கு எங்கள் பிரிவில் அளவுக் கருவிகளுக்குப் பொட்டு வைக்கும் வேலை என்னிடம் வந்தது. வெர்னியருக்கும் மைக்ரோமீட்டருக்கும் வைத்து முடித்து, கட்டைவிரலில் சந்தனம் காயக் காய அறைக்கு வந்தேன். பெட்டியை இறக்கினேன். பூட்ஸைச் சுத்தம் செய்து, அவருக்கே அனுப்பிவிட வேண்டும் என்று வழியிலேயே முடிவெடுத்திருந்தேன். துணியை நனைத்துப் பிழிந்தேன். பொட்டின்மேல் வைக்கப்போகும்போதுதான் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. சந்தனம் கண்ணுக்குத் தெரிகிறது. எண்ணெய் தெரியவில்லை. இரண்டும் ஒரே தோலில்தான் இருக்கின்றன. எது எங்கே முடிகிறது என்று அளக்க என்னிடம் கருவி இல்லை.

துணியைக் கீழே வைத்துவிட்டு, அவருக்குக் குரல்செய்தி அனுப்பினேன். அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் பட்டறையில் பூஜையைப் பற்றி நான் வாயே திறக்காததைச் சொன்னேன். செக்ரட்டரியிடம் நான் சொன்ன கடைசி வாக்கியத்தையும் சொன்னேன். பிறகு, இந்தப் பூட்ஸை நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். ஒன்றைச் செய்வதற்கு முன்னால் அவரிடம் நான் கேட்டது அதுவே முதல் தடவை.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. முதலில் பின்னணியில் கடல்காற்று, பையன்கள் கத்துவது, பந்து உதைபடும் சத்தம். பிறகு அவர் சிரிப்பு, மாறவே இல்லை. ஓசூரில் கற்றுக்கொண்ட தமிழில், கோபம் துளியும் இல்லாமல் சொன்னார்.

"இப்பவா கேக்குறே, தங்கச்சி மேடம்?"

அவ்வளவுதான் செய்தி. பூட்ஸைத் துண்டோடு பெட்டியில் வைத்து, மறுபடி பீரோவின் மேல் ஏற்றினேன். இடது பொட்டு இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது.